கத்தியால் கல்யாண ரத்து

1961-ம் வருஷக் கடைசியில் இத்தாலி தேசத்தில் “டிவோர்ஸியோ அல் இத்தாலியானா” என்றொரு சினிமாப் படம் வெளியாயிற்று. தமிழில் சொல்வதானால் “இத்தாலிய முறைக் கல்யாண ரத்து” என்று சொல்லலாம். பியெத்ரோ ஜெர்மி என்பவர் எடுத்த படம். மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானி என்னும் பிரபல நடிகர் அதில் கதாநாயகன். 1962-ல் கான் நகரத்துப் பட விழாவில் சிறந்த ஹாஸ்யப் படமென்று பரிசு பெற்றது. 1963-ல் அமெரிக்காவில் அதன் கதைக்கும் வசனத்துக்கும் ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் அதைப் போட்டுப் பார்த்து, கல்யாணத்தையும் கள்ளத் தொடர்பையும் பற்றி இவ்வளவு வேடிக்கையான படம் வந்ததில்லையென்று மெச்சிக்கொள்ளுகின்றார்கள்.

சிரிக்கக் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. படம் சிரிப்பை உண்டாக்கக் கூடியதுதான். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கின்றோம் என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ள வேண்டியது அறிவுள்ளவர்களின் கடமை என்றுதான் சொல்லுகின்றோம். ஏனென்றால் அந்தப் படத்தின் முடிவில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்படுகின்றாள். சுட்டவன் அவளுடைய புருஷன். அவன் கொஞ்ச காலம் ஜெயிலிலிருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகின்றான். ஊரார் அவனை மரியாதையோடு வரவேற்கின்றார்கள். இதில் வேடிக்கை எங்கே இருக்கின்றது? அதைத்தான் இங்கு ஆராயப் போகின்றோம்.

கதை

சிசிலித் தீவில் அக்ரமோந்தே என்று கற்பனையாக ஓர் ஊர். அதிலே சொத்தையெல்லாம் தின்று தீர்த்துவிட்ட ஒரு பழைய பிரபுக் குடும்பம். அதன் வாரிசு பெர்டினாண்டோ. வேலை வெட்டி கிடையாது; தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொள்ளுவதும், சிகரெட்டுக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உலாவுவதுந்தான் தொழில். அவன் மனைவி ரோஸாலியா. “என்மேல் ஆசையிருக்கிறதா, ஆசையிருக்கிறதா?” என்று ஓயாமல் புருஷனைக் கேட்டுக்கொண்டிருப்பவள். அவனுக்கோ அவள்மேல் ஆசை போய்விட்டது. தன் சிற்றப்பன் மகளான ஆஞ்சலா என்னும் பதினாறு வயதுப் பெண்ணின்மேல் கண் விழுந்துவிட்டது.

வேறொரு தேசமாயிருந்தால் அவன் மனைவியிடம், “நமக்கு ஒத்துவரவில்லை, பிரிந்துகொள்ளலாம்” என்று சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருப்பான். ஆனால் அக்காலத்து இத்தாலியில் கல்யாண ரத்து என்பதே சட்டத்தில் கிடையாது. ஆகவே அந்த மகானுபாவன் என்ன செய்கின்றான்? மனைவியைச் சோப்புக் காய்ச்சும் கொப்பரையில் போடுவதாகவும், புதைமணலில் அமிழ்த்துவதாகவும், ராக்கெட்டில் வைத்து ஆகாயத்துக்கு அனுப்பி விடுவதாகவும் பகற்கனவு காணுகின்றான். இப்படியிருக்கையில், ஊரில் நடக்கும் ஒரு கொலை வழக்கில், மானத்துக்காகக் கொலை செய்ததாக வக்கீல் கண்ணீர் வரும்படி பேசுவதைக் கேட்கின்றான். உடனே அவனுக்கு ஞானோதயமாகிவிடுகின்றது. மனைவி சோரம் போகும்போது கண்டுபிடித்துக் கொன்றுவிட்டால் தண்டனை சொற்பம் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளுகின்றான்.

பிறகு ஆரம்பிக்கின்றது வேலை. மனைவிக்குக் கள்ளப் புருஷன் இல்லை. ஆகவே புருஷனே அவளுக்கு ஒருவனைத் தேட வேண்டியதாகின்றது! அவளை முன்னே விரும்பியவனும், யுத்தத்தில் செத்துப்போனதாக நினைக்கப்பட்டவனுமான கார்மெலோ என்ற சித்திரக்காரனை வீட்டுச் சுவர்ச் சித்திரங்களைச் சரிசெய்ய வேண்டுமென்ற சாக்கில் வரவழைக்கின்றான். இருவரையும் தனியே விடுகின்றான். அவர்கள் பேசுவதைக் கேட்க, பேச்சைப் பதிவு செய்யும் யந்திரத்தை ஒளித்து வைக்கின்றான். கடைசியில் ஊரே சினிமாவுக்குப் போயிருக்கும் ஒரு நாள் இரவு ரோஸாலியா கார்மெலோவுடன் ஓடிப்போகின்றாள். ஊரார் இவனைப் பார்த்துச் சிரிக்கின்றார்கள். வசைக் கடிதங்கள் குவிகின்றன. கார்மெலோவின் மனைவி ஊர் அறிய இவன் முகத்தில் காறித் துப்புகின்றாள். இவனுக்கோ உள்ளுக்குள் ஆனந்தம். எவ்வளவுக்கெவ்வளவு அவமானமோ அவ்வளவுக்கவ்வளவு தண்டனை குறையுமல்லவா! முடிவில் ஓடிப்போனவர்கள் இருக்குமிடம் கண்டுபிடித்துப் போகின்றான். கார்மெலோவை அவன் மனைவி சுட்டுவிடுகின்றாள். ரோஸாலியாவை இவன் சுட்டுவிடுகின்றான். ஜெயிலிலிருந்து வந்து ஆஞ்சலாவை மணக்கின்றான். கடைசிக் காட்சியில் படகிலே புதுப் பெண்டாட்டி இவனுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே, தன் காலால் படகோட்டும் வாலிபனுடைய காலைத் தடவுகின்றாள். படம் முடிந்துவிடுகின்றது.

சட்டம் கற்பனை அல்ல

ஊர் கற்பனை, பிரபு கற்பனை, ரோஸாலியாவும் கற்பனைதான். ஆனால் அவன் புரட்டிப் பார்த்த சட்டம் கற்பனை அல்ல. அது 1930-ல் முசோலினி சர்க்காரில் அல்பிரெடோ ரோக்கோ என்னும் நீதி மந்திரியின் பெயரால் ஏற்பட்ட இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 587-வது பிரிவு. தன் மனைவியோ, புருஷனோ, மகளோ, சகோதரியோ முறையற்ற உடற்சேர்க்கையில் இருப்பதைக் கண்டுபிடித்த அந்தச் சமயத்தில், தன்னுடைய அல்லது தன் குடும்பத்தினுடைய மானத்துக்கு ஏற்பட்ட பங்கத்தால் உண்டான கோபத்தில் கொன்றுவிட்டால், தண்டனை 3 வருஷம் முதல் 7 வருஷம் வரையில்தான். சாதாரணமாக ஒரு மனிதனைக் கொன்றால் அதே சட்டத்தில் 21 வருஷத்துக்குக் குறையாத தண்டனை. அதாவது தெருவில் போகும் அந்நியனைக் கொன்றால் 21. வீட்டிலிருக்கும் மகளைக் கொன்றால் 3!

இதைப் படிக்கும் கெட்டிக்காரர் ஒருவர், “சட்டத்தில் புருஷன் என்றும் இருக்கிறதே! பெண்டாட்டியும் கொல்லலாமே! இருபாலாருக்கும் சமத்துவந்தானே?” என்று கேட்கலாம். அந்தச் சமத்துவத்தின் யோக்கியதையை அந்த வரியிலேயே பார்க்கலாம். மகள் என்று இருக்கின்றது. மகன் என்று இருக்கின்றதா? சகோதரி என்று இருக்கின்றது. சகோதரன் என்று இருக்கின்றதா? இல்லை. மகன் ஊர் மேய்ந்தால் குடும்ப மானம் போகாது. தம்பி பத்து வீட்டில் நுழைந்து வந்தாலும் குடும்ப மானம் அலுங்காமல் நலுங்காமல் அப்படியே இருக்கும். மகளும் தங்கையும் மட்டுந்தான் குடும்ப மானத்தைத் தங்கள் உடம்பில் சுமக்க வேண்டியவர்கள். இதை நாம் கற்பித்துச் சொல்லவில்லை. சட்டம் எழுதிய பண்டிதர்களே எழுதி வைத்தார்கள்.

மேலும் ஒன்று கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 559-வது பிரிவின்படி மனைவி ஒரு தடவை சோரம் போனாலும் குற்றம், ஜெயில். அடுத்த 560-வது பிரிவின்படி புருஷனோ, வீட்டுக்குள்ளேயே வைப்பாட்டியை வைத்துக்கொண்டால் அல்லது வெளியில் ஊரறிய வைத்துக்கொண்டால்தான் குற்றம். மறைவாய் எங்கே போய் வந்தாலும் பாதகமில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? 1948-ல் அமலுக்கு வந்த புதிய அரசியல் சட்டத்தில் ஆணும் பெண்ணும் சமமென்று எழுதினார்கள். அப்படி எழுதிய பிறகும், 1961-ல், அதாவது இந்தப் படம் வெளியான அதே வருஷத்தில், அந்த நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டார் 559-வது பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் செய்தார்கள். முசோலினி 1945-லேயே செத்தான். அவன் சட்டம் சாகவில்லை. எதேச்சாதிகாரி ஒழிந்தாலும், பெண்ணை அடக்கி வைக்க அவன் செய்த சட்டத்தை ஜனநாயகத்தாரும் பத்திரமாய் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதன் பொருள்.

சிசிலிக்காரன்மேல் பழி

நிற்க, இந்தப் படத்தை மெச்சுகின்ற கனவான்கள் அநேகர், “இது சிசிலிக்காரர்களின் முரட்டு வழக்கத்தைக் கேலி செய்யும் படம், படிப்பில்லாத தென்னாட்டு ஜனங்கள் அப்படித்தான்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கின்றார்கள். இது சுத்தப் பித்தலாட்டம் என்றுதான் நாம் சொல்லுவோம். 587-வது பிரிவைச் சிசிலிக் குடியானவன் எழுதினானா? அவனுக்கு எழுதத் தெரியாதென்றுதானே கேலி செய்கின்றார்கள்! எழுதியவர்கள் ரோமாபுரியில் உட்கார்ந்திருந்த சட்ட நிபுணர்கள். காத்து வந்தவர்கள் பட்டம் பெற்ற நீதிபதிகள். மூடனுடைய வழக்கத்துக்குப் படித்தவன் சட்டம் செய்து கொடுத்துவிட்டு, பிறகு மூடனைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகின்ற வேலை அல்லவா இது?

படமே அப்படிச் சொல்லவில்லை. அதில் ஒரு காட்சி இருக்கின்றது. வடக்கேயிருந்து வந்த பொதுவுடைமைக் கட்சிக்காரர் ஒருவர் ஊர்க் கட்சிக் கூடத்தில் நின்று, பெண் விடுதலையைப் பற்றிப் பிரமாதமாய்ப் பிரசங்கம் செய்து, ஓடிப்போன ரோஸாலியாவைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்லுகின்றீர்கள் என்று கேட்கின்றார். கூடத்திலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், “வேசி!” என்று கத்துகின்றார்கள். பாதிரியாருக்கு ஒரு கட்சி, பொதுவுடைமைக்காரருக்கு ஒரு கட்சி, ஊரில் ஆதிக்கம் செலுத்தும் முரட்டுக் கூட்டத் தலைவனுக்கு ஒரு கட்சி, ஒருவரோடொருவருக்கு ஆகாது. ஆனால் பெண் என்று வந்துவிட்டால் எல்லாரும் ஒரே கட்சி. ஓடிப்போனவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க அந்த முரட்டுக் கூட்டத் தலைவனே உதவிக்கு வருகின்றான். இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் நாம் சிரிக்க வேண்டும். சிரித்த பிறகு வெட்கப்படவும் வேண்டும்.

பிரிக்க முடியாத கல்யாணம்

கல்யாணத்தைக் கடவுள் முடித்தார், மனிதன் பிரிக்கக் கூடாது என்பது கத்தோலிக்க குருமார்களின் கட்சி. 1929-ல் முசோலினியும் போப்பாண்டவரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கோயிலில் நடந்த கல்யாணம் சர்க்காருக்கும் செல்லுபடி. அக்கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லும் அதிகாரமும் குருமார்களின் கோர்ட்டுக்கே போய்விட்டது. ஆகவே வழக்காடப் பணமும் காலமும் உள்ளவன் தன் கல்யாணம் கல்யாணமே அல்லவென்று சாதித்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். இல்லாதவர்கள் பிரிந்து வாழலாம். மறுபடியும் மணக்க முடியாது. கடவுள் போட்ட முடிச்சு ஏழைக்கு இரும்புச் சங்கிலி, பணக்காரனுக்கு நூல் முடிச்சு!

கல்யாணம் பிரிக்க முடியாததாயிருந்தால்தான் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று இவர்கள் வெகு கருணையோடு பேசினார்கள். ஆடு நனைகின்றதேயென்று ஓநாய் அழுத கதைதான். ரோஸாலியாவுக்கு அந்தப் பாதுகாப்பு என்ன செய்தது? கல்யாண ரத்து இருந்திருந்தால் அவள் புருஷனை இழந்திருப்பாள், உயிர் இருந்திருக்கும். தன்மேல் ஆசையுள்ள கார்மெலோவோடு மரியாதையாய் வாழ்ந்துமிருப்பாள். கல்யாண ரத்து இல்லாததால் புருஷன் இருந்தான். அவள் உயிர் போயிற்று. ஒரு காகிதத்தால் செய்யக் கூடிய காரியத்துக்குத் துப்பாக்கியைக் கொடுத்த சட்டத்துக்குப் பேர் தர்மமாம்!

கோபத்தில் மதியிழந்து செய்ததற்கு இரக்கம் காட்டத்தான் இந்தப் பிரிவு என்பது வக்கீல்களின் சமாதானம். இந்தச் சமாதானத்தைத்தான் படம் தவிடுபொடியாக்குகின்றது. பெர்டினாண்டோவின் கோபம் எத்தகையது? யந்திரம் வைத்து, ஆளை வரவழைத்து, தவறாமல் திட்டம் போட்டுச் செய்த கோபம். சட்டம் கேட்கின்ற கோபத்தை அவன் தையற்காரனிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டது போலத் தயாரித்துக்கொள்ளுகின்றான். கோபத்துக்குச் சலுகை உண்டு என்று எழுதி வைத்தால், சலுகை வேண்டியவன் கோபத்தை உண்டாக்கிக்கொள்ள மாட்டானா? உண்மையில் கோபம் வந்ததா இல்லையா என்று செத்தவளா வந்து சாட்சி சொல்லப் போகின்றாள்?

படத்தின்மேலும் நமக்கு ஒரு வழக்குண்டு

இவ்வளவு நல்ல காரியத்தைச் செய்த படத்தின்மேலும் நமக்கு ஒரு குறையுண்டு. ரோஸாலியாவாக நடித்த டானியெலா ரோக்கா அழகிப் பட்டம் பெற்ற பெண். அவருக்குப் புருவங்களைச் சேர்த்து, உதட்டுக்குமேல் மீசை முளைத்தது போல மயிரும் வைத்து, குரலையும் நடையையும் சகிக்க முடியாததாக்கிப் படத்திலே விட்டிருக்கின்றார்கள். ஏன்? பார்க்கின்றவனும் பெர்டினாண்டோவைப் போல, “இவள் எப்போது தொலைவாள்?” என்று நினைக்க வேண்டுமென்பதற்காகத்தான். கதை முழுவதையும் அவனே சொல்லுவதாகவும் அமைத்திருப்பதால், நாம் அவன் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்க்கின்றோம்.

கொலைகாரன் பக்கத்தில் நம்மை உட்கார வைத்து, பிறகு நம்மையே வெட்கப்பட வைப்பது ஜெர்மியின் யுக்தி என்று சிலர் சொல்லலாம். அந்த யுக்தி இருக்கட்டும். அறுபது வருஷமாய்ச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த வெட்கம் வரையில் போனார்கள்? பெர்டினாண்டோவின் மீசையையும், வாயை ஒரு பக்கமாய்ச் சுழிப்பதையும் பற்றி எழுதுகின்றவர்கள், ரோஸாலியா என்ன குற்றம் செய்தாள் என்று ஒரு வரி எழுதினார்களா? அவள் செய்த குற்றமெல்லாம், புருஷனிடம் கேட்டுக் கேட்டும் கிடைக்காத அன்பை வேறொருவன் கொடுத்தபோது வாங்கிக்கொண்டதுதான். அதற்கும் கதவைத் திறந்து வைத்தவன் புருஷன். மீசையுள்ள பெண்ணைக் கொன்றாலும் கொலைதானே? வாயாடிப் பெண்ணைக் கொன்றாலும் கொலைதானே? அழகியாயிருந்தால்தான் இரக்கம் என்றால், அதுவும் 587-வது பிரிவின் தம்பி என்றுதான் சொல்லுவோம்.

சிரிப்பு மாத்திரம் போதவில்லை

இந்தப் படம் வந்ததால் சட்டம் மாறிற்று என்று பெருமையாய்ச் சொல்லுகின்றவர்களும் உண்டு. வருஷங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். படம் 1961. மனைவியின் சோரத்தை மாத்திரம் தண்டித்து வந்த பிரிவுகளைக் கோர்ட்டார் தள்ளினது 1968-லும் 1969-லும். கல்யாண ரத்துச் சட்டம் வந்தது 1970 டிசம்பரில்; அதுவும் ஐந்து வருஷம் பிரிந்திருந்தால்தான் பொதுவாய் ரத்து. அதையும் ஒழிக்க வேண்டுமென்று குருமார்களும், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியாரும் கிளம்பி, குடும்பம் அழிந்துவிடுமென்று ஊரெல்லாம் பயமுறுத்தி, 1974 மே மாதத்தில் ஜன வாக்கெடுப்பு நடத்த வைத்தார்கள். 100-க்கு 59 பேருக்குமேல், சட்டம் இருக்கட்டும் என்றே வாக்களித்தார்கள். போப்பாண்டவர் வசிக்கும் ரோமாபுரியைத் தலைநகராய்க் கொண்ட தேசத்தில் இது நடந்தது. குடும்பம் அழியவில்லை; குருமார்களின் மிரட்டல்தான் அழிந்தது.

ஆனால் 587-வது பிரிவோ 1981 ஆகஸ்டு மாதம் வரையில் உயிரோடிருந்தது. சினிமாக் கொட்டகையில் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்த பிறகும் ஏறக்குறைய இருபது வருஷம்! இந்த இருபது வருஷத்தில் காரியம் செய்தவர்கள் யார் என்பதற்கு ஒரு பெண்ணைச் சொன்னால் போதும். சிசிலியில் அல்காமோ என்னும் ஊரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண்ணை 1965 டிசம்பரில் ஒருவன் ஆட்களோடு வந்து தூக்கிக்கொண்டு போய்க் கெடுத்தான். அந்தச் சட்டத்தின் 544-வது பிரிவுப்படி, கெடுத்தவன் கெடுக்கப்பட்டவளை மணந்துகொண்டால் குற்றமே இல்லாமற் போய்விடும். கெடுத்தவனும் அதையே எதிர்பார்த்தான். ஊரும் அதையே சொல்லிற்று. அந்தப் பெண், மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தகப்பனாரும் மகள் பக்கம் நின்றார். 1966-ல் கெடுத்தவனுக்குக் கோர்ட்டார் 11 வருஷம் தண்டனை விதித்தார்கள். மானம் போய்விட்டதென்று ஊர் சொன்னபோது, மானம் போனது என்னுடையதல்ல, செய்தவனுடையது என்று காட்டிய அந்த ஒரு பெண்ணின் மறுப்பு, ஆயிரம் ஹாஸ்யப் படத்துக்குச் சமானம். இதே 544-வது பிரிவைத்தான் ஜெர்மி 1964-ல் “கெடுத்துக் கைவிடப்பட்டவள்” என்னும் அடுத்த படத்தில் கேலி செய்திருந்தார். சினிமாக்காரர் கேலி செய்தார். பிராங்கா வியோலா செய்து காட்டினார். 587-வது பிரிவும் 544-வது பிரிவும் 1981-ல் ஒரே சட்டத்தால் ஒரே நாளில் ஒழிக்கப்பட்டன. 2014-ல் அந்த நாட்டு ஜனாதிபதி பிராங்கா வியோலாவுக்குத் தேசத்தின் உயர்ந்த கௌரவப் பட்டங்களில் ஒன்றைக் கொடுத்தார். கல்யாணமில்லாமல் மானமில்லை என்று சொன்ன அதே தேசம், கல்யாணத்தை மறுத்ததற்காகவே மானப் பட்டம் கொடுக்கும்படி ஆயிற்று!

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். இப்படத்தைப் பாருங்கள், தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் பெர்டினாண்டோ சட்டப் புத்தகத்தைப் புரட்டும் இடத்தில் சிரிப்பை நிறுத்தி, அந்தப் பக்கத்தை எழுதியவன் யார், காத்தவன் யார், அதனால் லாபமடைந்தவன் யார் என்று கேளுங்கள். ஊரார் அவனை வரவேற்கும் இடத்தில் அந்தக் கூட்டத்தில் நாமும் நிற்கின்றோமா என்று கேளுங்கள். குடும்ப மானம் என்ற சொல்லை எவனாவது எடுத்தால், அந்த மானம் யாருடைய உடம்பில் வைக்கப்பட்டிருக்கிறது, மகனிடம் அதில் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறாய் என்று முகத்துக்கெதிரே கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் அவன் விழிப்பான். மகளுக்கு ஒரு மானம், மகனுக்கு ஒரு மானம் என்றிருக்கும் வரையில், சட்டப் புத்தகத்திலிருந்து 587 என்ற இலக்கத்தை அடித்துவிட்டாலும், அது மனிதர்கள் மண்டைக்குள்ளிருந்து வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதை அங்கிருந்தும் அடிக்க வேண்டியதுதான் பாக்கி வேலை.